கட்டை விழும் வரை

திங்கட்கிழமை காலை மோகனப்ரியா கம்ப்யூட்டரைத் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. குழந்தைகளின் முகங்கள் வரிசையாகத் தெரிய வேண்டிய கட்டங்களில், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் கேள்விக்குறி. ஒன்றை அழுத்திப் பார்த்தாள். மூல வீடியோ கிடைக்கவில்லை என்றது சாஃப்ட்வேர். அடுத்ததும் அதையே சொன்னது. பத்தாவதையும் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் தோளில் இருந்த டிபன் பையைக் கீழே வைத்தாள்.

திருப்பதியில் திருச்சானூர் சாலையில், காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மையம் அது. ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி பொருத்திவிட்டால் மட்டும் பிள்ளைகளுக்குப் பேச்சு வந்துவிடாது. கேட்பது என்றால் என்ன என்று வருஷக்கணக்கில் பழக்க வேண்டும். அந்தப் பயிற்சிகளை எல்லாம் மையத்தில் வீடியோ எடுத்து வைத்தார்கள். அவற்றைப் பார்த்து, பிரித்து, பெயரிட்டு வைப்பது மோகனப்ரியாவின் வேலை. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போய் மூன்று வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவள் எதையும் வெட்டுவதில்லை. முக்கால் மணி நேர வீடியோவில் ஒரு குழந்தை முதல் தடவை ‘அம்மா’ என்று சொல்வது இரண்டே விநாடிதான் இருக்கும். சாஃப்ட்வேரில் ‘இங்கே தொடங்கு, இங்கே முடி’ என்று இரண்டு நேரங்களைக் குறிப்பாள். உடனே ஒரு க்ளிப் வந்துவிடும். அதை அழுத்தினால் அந்த இரண்டு விநாடி மட்டும் ஓடும். ஆனால் அப்படி ஒரு துண்டு டிஸ்கில் எங்கேயும் கிடையாது. முழு வீடியோ கைபடாமல் அப்படியே இருக்கும். சாஃப்ட்வேர் அதற்குள் போய் அந்த இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். வெர்ச்சுவல் க்ளிப் என்று அதற்குப் பெயர். அப்படி ஆயிரத்து நூற்று நாற்பது க்ளிப்புகள் வைத்திருந்தாள். முழு வீடியோ இல்லையென்றால் அந்த ஆயிரத்து நூற்று நாற்பதும் வெறும் பெயர்ப் பட்டியல்.

வீடியோக்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். பிள்ளைகளின் பெயரும் தேதியும் போட்டு அவள் வைத்திருந்த எதுவும் இல்லை. ‘ஷார்ட் 1’, ‘ஷார்ட் 2’ என்று எண் போட்ட வேறு ஃபைல்கள் இருந்தன.

“சுரேஷ்பாபு சார்!” என்று கத்தினாள்.

மையத்தின் மேனேஜர் சுரேஷ்பாபு காபி டம்ளரோடு வந்தார். ஐம்பது வயது, தெலுங்குக்காரர். ஆனால் தமிழர்களோடு பழகிப் பழகி அவர் பேச்சில் இரண்டும் சரிபாதியாகக் கலந்திருக்கும். முகத்தில் சிரிப்பு வேறு.

“சூசாவா, பாத்தியா? எப்பிடி இருக்குது? ரெண்டு நாளு ஒக்காந்து பண்ணேம்மா.”

“இன்னா சார் பண்ணீங்க?”

“டிஸ்க் ஃபுல்லு, டிஸ்க் ஃபுல்லுன்னு ரெண்டு வாரமா கத்திக்கினு இருந்திச்சில்ல? வெள்ளிக்கெழம மூணு பசங்க ரெகார்டிங் ஏறவே இல்ல. பேரண்ட்ஸ் வந்து என்னைத்தான் புடிச்சாங்க. தெரிஞ்ச பையன் ஒரு சாஃப்ட்வேர் குடுத்தான். சத்தமே இல்லாம சும்மா ஓடுற எடத்தெல்லாம் அதுவே எடுத்துடும். முக்கா மணி நேரம் பதினஞ்சு நிமிஷமா வந்துடுச்சி! பெரிசெல்லாம் அழிச்சிட்டு இத வெச்சேன். பாதி டிஸ்க் காலி.”

“அழிச்சிட்டீங்களா? ஒரிஜினல?”

“அதான் நீ துண்டு துண்டா கட் பண்ணி வெச்சிக்கிறியே. அப்புறம் முழுசு எதுக்கு?”

“நான் கட் பண்ணல சார். கட் பண்றதே இல்ல. எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்! அது வெறும் குறிப்பு. புக்ல அடையாளத்துக்கு நூல் வெச்சா மாதிரி. புக்க எரிச்சிட்டு நூல் இருக்குதேன்னு சொல்றீங்க.”

அவர் சிரிப்பு மறைந்தது. “சனிக்கெழம ஃபோன் பண்ணிக் கேட்டேனேம்மா. க்ளிப்லு அன்னி, எல்லாம் ரெடியான்னு கேட்டேன். ரெடி சார், பத்திரமா இருக்குன்னு நீதான் சொன்ன.”

சொல்லியிருந்தாள். திருத்தணி மார்க்கெட்டில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கத்திரிக்காய் பொறுக்கியபடி சொல்லியிருந்தாள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி அங்கேயே தன் மேல் திரும்பிவிட்டது. அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு ரக்ஷிதாவின் நினைவு வந்தது. “சார், வியாழக்கெழம சித்தூர்ல கமிட்டி.”

“அதுக்கென்ன? காலைலயே வீடியோ அனுப்பிட்டேன். சின்னதா இருக்கிறதால ஈமெயில்லயே போயிடுச்சி” என்றார் அவர்.

ரக்ஷிதாவுக்கு ஐந்து வயது. நகரியில் பவர்லூம் ஓட்டும் மணிவேலின் மகள். இரண்டு வயதில் ஆபரேஷன் நடந்து, முதல் வருஷம் பிள்ளை கிடுகிடுவென்று முன்னேறினாள். ‘நைனா’ என்று அப்பாவைக் கூப்பிட்டாள். பிறகு என்ன ஆனதோ, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினாள். கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றார் மணிவேல். கருவி நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டில் பயிற்சி போதவில்லை என்று ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் எழுதி அனுப்பிவிட்டார்கள். கருவிதான் பழுது என்று தெரிந்தால் மாற்றிக் கொடுப்பார்கள். அதை முடிவு செய்ய சித்தூரில் மூன்று டாக்டர்கள் கொண்ட கமிட்டி ஒன்று வியாழக்கிழமை கூடுகிறது. முன்னே நன்றாகக் கேட்ட பிள்ளைக்கு இப்போது கேட்கவில்லை என்று காட்டினால்தான் காரியம் நடக்கும். இப்போது கேட்கவில்லை என்று மட்டும் காட்டினால், எப்போதுமே கேட்டதில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

அதைக் காட்ட வீடியோ இருந்தது. பயிற்சியாளர் ஜமீலா ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஒரு சோதனை வைப்பாள். வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு ‘ஸ்’ என்பாள். சத்தம் கேட்டதும் பிள்ளை கன்னத்தருகில் பிடித்திருக்கும் மரக்கட்டையை டப்பாவில் போட வேண்டும். முதல் வருஷம் ‘ஸ்’ என்று முடிப்பதற்குள் ‘டக்’ என்று விழும். பிறகு வரவர கட்டை ரக்ஷிதாவின் கன்னத்தருகிலேயே நிற்கும். ஜமீலா காத்திருப்பாள். கட்டை நிற்கும். இன்னும் காத்திருப்பாள். அதன் பிறகு விழும்.

மோகனப்ரியா பயந்தபடியே ‘ஷார்ட்’ ஃபைல்களில் ரக்ஷிதாவினுடையதைத் தேடிக் கண்டுபிடித்து ஓட்டினாள். ஜமீலாவும் பக்கத்தில் வந்து நின்றாள்.

‘ஸ்.’ ‘டக்.’

‘ஸ்.’ ‘டக்.’

நடுவிலிருந்த காத்திருப்பை எல்லாம் அந்த சாஃப்ட்வேர் சத்தமில்லாத வீண் இடம் என்று எடுத்து எறிந்திருந்தது. போன மாதத்து ரக்ஷிதா, காது கூர்மையான பிள்ளையைப் போல் சத்தம் வந்த மாத்திரத்தில் கட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். கமிட்டிக்குப் போயிருந்த வீடியோ அதுதான்.

“யா அல்லா” என்று ஜமீலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “இத பாத்தா நானே சொல்லுவேனே, கருவி சூப்பரா வேலை செய்யுதுன்னு.”

பின்னால் நின்றிருந்த சுரேஷ்பாபு, “நல்லாதானே போடுது பாப்பா?” என்றார். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்த பார்வையில் டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று மத்தியானமே மோகனப்ரியா டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சலீம் கடைக்குப் போனாள். அழிந்த ஃபைல்களை மீட்டுக் கொடுப்பதில் ஊரில் சலீமுக்குப் பெயர் உண்டு. மூன்று மணி நேரம் போராடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “அழிச்சதோட விட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன்க்கா. அது மேலயே புதுசா எழுதிட்டாங்க. பேரு வருது, உள்ள சரக்கு இல்ல.” கிடைத்த ஒன்றிரண்டு ஃபைல்களும் பச்சைக் கட்டங்களாக நடுங்கிவிட்டு நின்றுபோயின.

செவ்வாய்க்கிழமை மணிவேல் ரக்ஷிதாவை வகுப்புக்கு அழைத்து வந்தார். விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜமீலா வகுப்பெடுக்கும் நேரத்தில் மோகனப்ரியா வெளி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். அவருக்குக் க்ளிப், டிஸ்க் எதுவும் புரியவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

“அப்போ என் பொண்ணுக்கு நல்லா கேக்குதுன்னு நீங்களே எழுதி அனுப்பிட்டீங்களா மேடம்?”

“நாங்க எழுதல, வீடியோ…”

“ஒரு வருசமா கத்திக்கினு கிடக்கிறேன். எல்லாரும் ஊட்ல சொல்லிக் குடுக்கலன்னு என்னையும் எம் பொண்டாட்டியையும்தான் சொல்றாங்க. தறி சத்தத்துல கொழந்தய வளத்தா எப்பிடி கேக்கும்னு ஒருத்தர் சொன்னாரு. நீங்க ஒருத்தருதான் நான் சொல்றது நெசம்னு சொன்னீங்க. நீங்களுமா?”

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். எழுந்து உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், ரக்ஷிதா என்ற பெயரைத் தட்டி அவளுடைய க்ளிப்புகளை மட்டும் வரவழைத்தாள். ‘ஸ்’ சோதனை மட்டும் முப்பத்தாறு. எல்லாம் சிவப்பு. மூல வீடியோ இல்லாத க்ளிப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா என்று சாஃப்ட்வேர் கேட்டது. கோபத்தில் ‘ஆம்’ மேல் விரல் போய்விட்டது. அழுத்தவில்லை.

படங்கள் இல்லாத கட்டங்களைப் பார்ப்பது சகிக்காமல், கட்டங்களை மாற்றி வரிசைப் பட்டியலாக வைத்தாள். பெயர், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், நீளம். தேதி வரிசையில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தவள், நீளம் என்ற பத்தியில் கண்ணை நிறுத்தினாள்.

முதல் க்ளிப் 0.8 விநாடி. அடுத்தது 0.9. அதற்கடுத்தது 0.8. கீழே வரவர 1.2, 1.4, 1.6. இந்த ஜனவரியில் 2.6. போன மாதம் 4.1.

எழுந்து ஓடினாள். வகுப்பு நடந்துகொண்டிருந்த அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

“ஜமீலாக்கா, இந்த க்ளிப்பெல்லாம் எப்பிடி மார்க் பண்ணச் சொன்னீங்க?”

“எத?”

“‘ஸ்’ டெஸ்ட்ட.”

“நான் சத்தம் குடுக்கிற எடத்துல ஆரம்பிச்சி கட்டை விழற எடத்துல முடின்னு சொன்னேன். ஏன்?”

“அப்போ க்ளிப்போட நீளம்தானேக்கா அவ காத்துக்கினு இருந்த நேரம்?”

ஜமீலா அட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். இருவரும் அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார்கள். வீடியோ போய்விட்டது. ஆனால் வீடியோவில் எந்த விநாடியில் சத்தம், எந்த விநாடியில் கட்டை என்று மோகனப்ரியா குறித்த இரண்டு நேரங்களும் போகவில்லை. அவற்றை அழிக்க சுரேஷ்பாபுவுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு க்ளிப்பும் எந்தத் தேதியில் குறிக்கப்பட்டது என்பதும் பக்கத்திலேயே இருந்தது. ரக்ஷிதாவின் காது மெல்ல மெல்ல மங்கியது முழுவதும் அந்த எண்களில் இருந்தது.

“இத நம்புவாங்களா? நாமளே டைப் பண்ணோம்னு சொன்னா?” என்றாள் ஜமீலா.

அதுதான் கேள்வி. ஒன்றிரண்டு மூல வீடியோவாவது கிடைத்தால் எண் சரிதான் என்று காட்டலாம். மோகனப்ரியா யோசித்தாள். போன வருஷம் ஜூன், ஜூலையில் திருப்பதி மையத்தில் மராமத்து நடந்தபோது வகுப்புகள் சித்தூர் கிளையில் நடந்தன. அங்கே வேறு கேமரா. அங்கிருந்த தாமோதரன் வீடியோக்களைக் காப்பி எடுத்து அனுப்புவார். பிறகு அந்தக் கேமரா ரிப்பேராகி அலமாரிக்குப் போய்விட்டது.

தாமோதரனுக்குப் போன் செய்தாள். கார்டு உள்ளே இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று அவருக்கே நினைவில்லை. அலமாரிச் சாவி வேறு ஒருவரிடம் இருந்தது. நாளைக்கு வந்தால் பார்க்கலாம் என்றார்.

கிளம்பும் முன் சுரேஷ்பாபுவிடம் போய் நின்றாள். “சார், வியாழக்கெழம நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். அனுப்பின வீடியோ தப்பு, நடுவுல எடுத்துட்டோம்னு.”

அவர் மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார். “லெட்டரா வேணா ரெண்டு வரி எழுதலாம்மா. டெக்னிகல் ப்ராப்ளம்னு. நேர்ல போயி நாமே கெடுத்துட்டோம்னு சொன்னா சென்டர் பேரு என்னாகும்? நாளைக்கி எந்த வீடியோவ அனுப்பினாலும் நம்ப மாட்டாங்க.”

“டெக்னிகல் ப்ராப்ளம் இல்ல சார்.”

“அந்த சாஃப்ட்வேருக்கு நானா சொன்னேன்? அதுவே எடுத்திச்சி.”

“பட்டனை யாரு அழுத்தினது?”

அவர் மறுபடியும் காகிதங்களை அடுக்கினார். அவளும் நிற்கவில்லை. வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினாள். தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் தெரியாத மாதிரி நிற்கிறவரை என்ன செய்வது?

புதன்கிழமை காலை சித்தூர் பஸ் பூதலப்பட்டில் மாங்காய் லாரிகளுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றது. கிளைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்து அலமாரியைத் திறந்தபோது, கேமரா இருக்க வேண்டிய தட்டில் பழைய பரீட்சைத் தாள்கள் இருந்தன. தாமோதரன் தலையைச் சொறிந்தார். இன்னொரு அலமாரி, அதற்கு இன்னொரு சாவி. கடைசியில் ஸ்டோர் ரூமில், உடைந்த நாற்காலிக்குக் கீழே, துணிப்பையில் கேமரா கிடைத்தது. மூடியைத் திறந்தாள். கார்டு உள்ளேயே இருந்தது.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள். மொத்தம் பத்தொன்பது வீடியோ. அதில் ஐந்து ரக்ஷிதாவினுடையது. எந்தச் சாஃப்ட்வேரும் கைவைக்காத முழு முக்கால் மணி நேரங்கள்.

லேப்டாப்பில் அவளுடைய பட்டியலின் நகல் இருந்தது. சிவப்புக் கேள்விக்குறி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ‘உன்னுடைய வீடியோ இதுதான்’ என்று காட்டினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. கேள்விக்குறி போய் ரக்ஷிதாவின் முகம் வந்தது. அழுத்தினாள். ‘ஸ்’ என்றாள் ஜமீலா. கட்டை கன்னத்தருகில் நின்றது. நின்றது. பிறகு விழுந்தது. மோகனப்ரியாவுக்கு அந்த ஒன்றரை விநாடி சத்தமின்மையைக் கேட்டு அழுகை வந்தது. தாமோதரன் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டாள்.

முப்பத்தாறில் ஐந்து. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சித்தூரில் கமிட்டி கூடிய கட்டடத்தின் வராந்தாவில் மணிவேல் மகளோடு உட்கார்ந்திருந்தார். மோகனப்ரியாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். ஜமீலா ரக்ஷிதாவை மடியில் வைத்துக்கொண்டாள். பத்தரைக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்று டாக்டர்கள். நடுவிலிருந்தவர் மூத்தவர். பேச்சை ஆரம்பிக்கும் முன்பே, “வீடியோ பார்த்தோம். பிள்ளை உடனுக்குடன் பதில் சொல்கிறாள். இதில் என்ன புகார்?” என்று தெலுங்கில் கேட்டார்.

மோகனப்ரியா தனக்குத் தெரிந்த தெலுங்கில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு மாறி, அந்த வீடியோ சரியில்லை என்றாள். மௌனத்தை எடுத்துவிட்டார்கள் என்றாள். அச்சடித்துக் கொண்டுவந்த பட்டியலை நீட்டினாள். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

“திங்கட்கிழமை ஒரு வீடியோ அனுப்பி நன்றாகக் கேட்கிறது என்கிறீர்கள். வியாழக்கிழமை அது பொய், இந்த எண்ணை நம்புங்கள் என்கிறீர்கள். எண்ணை யார் எழுதியது?”

“நான் எழுதல சார். தானா வர்றது. நான் தொடக்கத்தையும் முடிவையும்தான் குறிச்சேன்.”

“அதை உங்களுக்கு வேண்டியபடி குறிக்க முடியாதா?”

முடியும் என்பதுதான் உண்மை. மூன்று வருஷம் ஒரு விநாடிகூட ஏமாற்றாமல் குறித்த கையை ஒரு கேள்வியில் சந்தேகத்தில் நிறுத்திவிட்டாரே என்று இருந்தது அவளுக்கு.

அப்போது கதவு திறந்தது. சுரேஷ்பாபு நின்றார். சட்டை வியர்த்துத் தோளில் ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருப்பார் போல.

“மன்னிச்சுடுங்க சார். நான் மேனேஜர்” என்று ஆரம்பித்தவர் தெலுங்குக்குப் போய்விட்டார். டிஸ்க் நிறைந்ததையும், தானே அந்தச் சாஃப்ட்வேரை ஓட்டியதையும், முழு வீடியோக்களை அழித்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னார். “இந்தப் பெண் வெட்டக்கூடாது வெட்டக்கூடாது என்று மூன்று வருஷமாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை. வெட்டியது நான். அவள் எண்ணில் தப்பு இருக்காது.”

சொல்லும்போது அவர் மோகனப்ரியாவைப் பார்க்கவில்லை. டாக்டர்களின் மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் இருந்த பெண் டாக்டர் அதுவரை பேசவில்லை. “முழு வீடியோ ஒன்றுமே இல்லையா?” என்று கேட்டார்.

“அஞ்சு இருக்குது மேடம். போன வருஷத்துது.”

“போடுங்க.”

லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். பெண் டாக்டர் பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் போனில் விநாடிக் கடிகாரத்தைத் திறந்தார். ‘ஸ்’ என்றபோது தட்டினார். ‘டக்’ என்றபோது தட்டினார். பிறகுதான் பட்டியலைத் திருப்பினார். போனில் 1.5. பட்டியலில் 1.4. அடுத்ததற்கு 1.6, பட்டியலிலும் 1.6. ஐந்தையும் பார்த்தார். விரல் தட்டுகிற அளவுக்குத்தான் வித்தியாசம்.

பிறகு ரக்ஷிதாவை அழைத்து, கையில் ஒரு கட்டையைக் கொடுத்து, அவள் முதுகுப் பக்கம் நின்று தானே ‘ஸ்’ என்றார். ரக்ஷிதா கட்டையைக் கன்னத்தில் வைத்தபடி, எதிரே நின்ற அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு விநாடி. ஏழு. கட்டை விழவே இல்லை.

மணிவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அனுப்புங்க, கருவியை முழுசா செக் பண்ணட்டும்” என்றார் மூத்த டாக்டர். மன்னிப்பும் கேட்கவில்லை, பாராட்டவும் இல்லை. அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. கருவியில் காதுக்கு வெளியே மாட்டும் பாகத்தில் ஒலி வாங்கும் பகுதி ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தேய்ந்து வந்திருக்கிறது என்று எழுதியிருந்தது. புதிது கொடுத்தார்கள். அதை மாட்டிய முதல் வகுப்பில் ரக்ஷிதா ‘ஸ்’ என்ற சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டுக் கட்டையைக் கையிலிருந்து நழுவவிட்டாள். டப்பாவில் விழவில்லை, ஜமீலாவின் கால்மேல் விழுந்தது. மணிவேல் அன்று மோகனப்ரியாவிடம் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்தவர், “சாப்டீங்களா மேடம்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

சுரேஷ்பாபு இரண்டு பெரிய டிஸ்க் வாங்கிப் போட்டார். முழு வீடியோக்கள் இனி இரண்டிலும் இருக்கும், மோகனப்ரியாவின் அனுமதி இல்லாமல் யாரும் எதையும் அழிக்கக்கூடாது என்று தெலுங்கில் எழுதி ஒட்டினார். ஆனாலும் யாராவது பெற்றோர் வந்தால், “எங்க மோகனா கட் பண்ணிக் குடுக்கும்” என்றுதான் சொல்வார். அவள் திருத்துவதை விட்டுவிட்டாள்.

மிச்சமிருந்த சிவப்புக் கேள்விக்குறிகள் ஆயிரத்துக்கும் மேல். கார்டில் கிடைத்த பத்தொன்பது வீடியோவிலிருந்தும் நூறு க்ளிப்புகூடத் திரும்ப உயிர் பெறவில்லை. நீக்கிவிடலாமா என்று சாஃப்ட்வேர் தினமும் கேட்டது. வேண்டாம் என்று தினமும் அழுத்தினாள்.

ஒருநாள் ஏர்பேட்டிலிருந்து லட்சுமம்மா வந்தாள். அவள் மகன் தனசேகர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மையத்தில்தான் முதல் வார்த்தை பேசினான். ‘அக்கா’ என்றான். அதை அவள் நேரில் பார்க்கவில்லை. அன்றைக்கு வயல் வேலைக்குப் போயிருந்தாள், பாட்டி அழைத்து வந்திருந்தாள்.

“அந்த வீடியோவ போன்ல ஏத்திக் குடும்மா. ஊட்டுக்காரரு பாக்கணும்னு கேட்டுக்கினே இருக்காரு. இவ்ளோ நாளா வர முடியல” என்றாள்.

மோகனப்ரியா பட்டியலில் தேடினாள். தனசேகர், ‘அக்கா’, முதல் முறை. முப்பத்தொன்றாவது நிமிஷம் பன்னிரண்டாவது விநாடியில் தொடக்கம். நீளம் இரண்டு விநாடி. பக்கத்தில் கேள்விக்குறி.

“இல்லம்மா. அழிஞ்சி போச்சி.”

“பேரு தெரியுதே?”

“பேரு மட்டும்தாம்மா இருக்குது.”

லட்சுமம்மா திரையையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து மோகனப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். லட்சுமம்மா திட்டவில்லை. வெளியே திரும்பி, “டேய் தனா, இங்க வா” என்றாள். ஏழு வயதுப் பையன் ஓடிவந்தான். “அக்காவ கூப்பிடு. அக்கா வீடியோ எடுக்கும்.”

மோகனப்ரியா கேமராவை எடுத்தாள். பையன் அதைப் பார்த்ததும் உற்சாகமாகி, “அக்கா! அக்கா! மோகனாக்கா! வீடியோ எடுக்கா!” என்று தொண்டை கிழியக் கத்தினான். லட்சுமம்மா சிரித்தாள். மோகனப்ரியா அந்த வீடியோவை அவள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அது போதும் என்று போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மோகனப்ரியா அந்த வீடியோவையும் முழுசாகச் சேர்த்துக்கொண்டாள். தொடக்கத்தையும் முடிவையும் குறித்தாள். பெயர் எழுதும் இடத்தில் ‘தனசேகர், அக்கா’ என்று தட்டி, இன்னொரு காற்புள்ளி வைத்தாள். ‘முதல் முறை’ என்று எழுத முடியாது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெளியே அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். காற்புள்ளியை அழித்துவிட்டு அப்படியே சேமித்தாள்.